ட்ரெட்மில்லுக்கு ஒரு மச்சான்

ஆஸ்பத்திரியில் ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, பில்லுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. நான் பயப்படுவது ஒரு கேள்விக்கு. "கூட யாரு வந்திருக்காங்க?" என்று வாசலிலேயே கேட்பார்கள் பாருங்கள், அதற்கு. மற்ற எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் உண்டு. (சர்க்கரை உண்டா என்றால் உண்டு. சிகரெட் உண்டா என்றால், விட்டாச்சு. இரண்டாவது பதில் அவ்வப்போது மட்டும் உண்மை.)

அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. மனைவி விஜயா தவறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் கயல்விழி பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், அதுவும் இதய வார்டில். வீட்டில் நானும் ஒரு ஃபிரிட்ஜும், அதற்குள் முந்தாநாள் சாம்பாரும். நான் வீட்டில் இருக்கிறேனோ இல்லையோ, அந்தச் சாம்பார் எப்போதும் இருக்கும்.

தனி ஆளுக்குச் சமைப்பது கூடக் கஷ்டமில்லை. தனி ஆளுக்கு வாங்குவதுதான் கஷ்டம். விஜயா போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தைரியமாகக் கோழிக்கடைக்குப் போய்க் கால் கிலோ கேட்டேன். கடைக்காரர் ரொம்ப மரியாதையாக, "நாய்க்கா சார்?" என்றார். நான் "ஆமாம்" என்றேன். வீட்டுக்கு வந்து அந்த நாய் தன் கையாலேயே குழம்பு வைத்துச் சாப்பிட்டது. அதோடு கோழியை விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் போனில் விஜயாவின் நம்பரை 'வீடு' என்று போட்டு வைத்திருந்தேன். அவள் போன பிறகு அந்த நம்பரை விட்டுவிட மனசு வரவில்லை. கயல்தான் அந்த சிம்மைத் தன் போனில் இரண்டாவதாகப் போட்டுக்கொண்டாள். மாசாமாசம் ரீசார்ஜ் என் பொறுப்பு. ஆக, கடலூரில் நான் 'வீடு' என்று அழுத்தினால் பெங்களூரில் மணி அடிக்கும். ஆபீஸ் முடிந்து வந்து பூட்டைத் திறந்ததும் தினமும் ஒருமுறை அழுத்துவேன்.

இப்படி இருக்கையில், அலுவலக மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் யாரோ ஃபைல் கட்டை இறக்கி வைத்த மாதிரி ஒரு கனம் வர ஆரம்பித்தது. நின்றால் போய்விடும், ஏறினால் வரும். டாக்டரைப் பார்த்தேன். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு அவர், "சும்மா படுத்திருக்கும்போது உங்க ஹார்ட் நல்லாத்தான் இருக்குது சார். வேலை குடுத்தா என்ன பண்ணுதுன்னுதான் பாக்கணும்" என்றார். (அரசு ஊழியரின் இதயம் வேறு எப்படி இருக்கும்?) ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்து வரச் சொன்னார். ஓடும் பட்டையில் நடக்கவிட்டு, வேகத்தையும் மேட்டையும் கூட்டிக்கொண்டே போய், இதயம் எந்த இடத்தில் முறைக்கிறது என்று பார்க்கிற சோதனை.

கடலூரில் எடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். காலையில் நான் பட்டையில் ஏறினால் மதியம் டீ வருவதற்குள் அலுவலகத்தில் என் மாலைக்கு வசூல் ஆரம்பித்திருப்பார்கள். அதைவிட, செய்தி கயலுக்குப் போகும். அவள் அந்த இதய வார்டில் சேர்ந்தே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கேள்விப்பட்டால் வேலையை விட்டுவிட்டு இங்கே வருவாள். இல்லையென்றால் என்னைப் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரத்தில் செடி மாதிரி வைத்துத் தண்ணீர் ஊற்றுவாள். இரண்டும் வேண்டாம். ரிசல்ட் நன்றாக வந்தால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மோசமாக வந்தால் அப்புறம் யோசிக்கலாம். (யோசிப்பதற்கு அப்புறம் நான் இருப்பேனா என்பதை மட்டும் யோசிக்கவில்லை.)

ஆகவே ரகசியமாகச் சிதம்பரம். அலுவலகத்தில் "சிதம்பரத்துல ஒரு கல்யாணம்" என்று லீவு சொன்னேன். நான் புத்திசாலி ஆயிற்றே, பொய்யை உடுப்போடு சொன்னேன். பட்டுக்கரை வேட்டி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். எதிர்வீட்டு பாய் வாசலில் பேப்பரை மடித்துவிட்டு, "என்னா சபாபதி, மாப்ளயே நீங்கதானா?" என்றார். பொய் ஜெயித்துவிட்டது என்ற பூரிப்பில் பஸ் ஏறினேன். ட்ரெட்மில் டெஸ்ட்டுக்கு பேண்ட் வேண்டும் என்ற ஞாபகம் புதுச்சத்திரம் தாண்டித்தான் வந்தது. அதற்குள் ஒரு ஜன்னல் சீட் கிடைத்திருந்தது. இறங்க மனசில்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல வாட்டசாட்டம். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியை எடுத்து, நேராக ஒரு கல்யாண மண்டப வாசலில் நிறுத்தினார்.

"இங்க இல்லைங்க. ஹார்ட் சென்டர் போகணும்."

திரும்பி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "டாக்டரு வீட்டுக் கல்யாணமா சார்?"

"இல்லப்பா. டெஸ்ட்டு."

"டெஸ்ட்டுக்கா இப்படி வந்திருக்கீங்க?" என்றவர், அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் மெதுவாக ஓட்டினார். பள்ளம் வந்தால் இறங்கித் தள்ளிவிடுவார் போலிருந்தது.

உள்ளே ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் இருந்தார். சட்டையில் தமிழரசி என்று பேர். முதல் கேள்வியே அதுதான்.

"கூட யாரு சார் வந்திருக்காங்க?"

"தனியாத்தான் சிஸ்டர். எனக்கு ஒண்ணுமில்ல. சும்மா ஒரு டெஸ்ட்டு."

"தனியா வந்தா பெல்ட்டுல ஏத்த மாட்டோம். கூட ஆள் இருக்கணும், அவுங்களும் கையெழுத்துப் போடணும். ஆள் இருந்தாச் சொல்லுங்க, இல்லன்னா இன்னொரு நாள் கூட்டிக்கிட்டு வாங்க."

இன்னொரு நாள் வந்தால் மட்டும் யாரைக் கூட்டிக்கொண்டு வருவேன்? இதை நர்ஸிடம் எப்படிச் சொல்வது? என் வாய் தானாகச் சொன்னது: "வண்டிய நிறுத்திட்டு வர்றான். என் மச்சான்."

எனக்கு மச்சானே கிடையாது. விஜயா வீட்டுக்கு ஒரே பிள்ளை. பேசும்போது ஆளாளுக்கு 'எங்க மச்சான்' 'எங்க மச்சான்' என்று ஒருவனை இழுப்பார்கள், எனக்கு மட்டும் இழுக்க ஆளில்லை என்று ரொம்ப நாளாக ஒரு குறை. அது அன்று வெளியே வந்துவிட்டது.

நல்லவேளை, அந்த ஆட்டோ வாசலிலேயே நின்றது. டிரைவர் பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

"தம்பி, ஒரு அரை மணி நேரம் எனக்கு மச்சானா இருக்க முடியுமா?"

வேறு யாராவது என்றால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து, விவரம் கேட்டார். "எந்த வகையில மச்சான் சார்? அக்கா புருஷனா, பொண்டாட்டி தம்பியா?"

"பொண்டாட்டி தம்பி."

"அப்ப நீங்க எனக்கு மாமா. சரி வாங்க மாமா. வெயிட்டிங் சார்ஜ் உண்டுல்ல?"

"மச்சானுக்கு ஏதுய்யா வெயிட்டிங் சார்ஜு?"

"மச்சானுக்கு இல்ல மாமா. ஆட்டோவுக்கு."

விஜயா இல்லை என்பதை அவரிடம் சொல்ல நேரமில்லை. நேரம் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டார். சிஸ்டர் அதைப் பார்த்தார், என் நெற்றிச் சந்தனத்தைப் பார்த்தார். "சபாபதிக்கு மச்சான் அந்தோணிசாமியா?"

நான் திகைத்தேன். மச்சானின் பெயரை அப்போதுதான் முதல்முறை கேட்கிறேன். அந்தோணி அசரவில்லை. "லவ் மேரேஜ் சிஸ்டர். எங்க அக்காவ இவருதான் தூக்கிட்டு வந்துட்டாரு. ரெண்டு வீட்டுலயும் பெரிய ரகளை. இப்ப எல்லாம் ராசி ஆயிட்டோம்."

(பெண் பார்க்கப் போன அன்று விஜயாவை நிமிர்ந்து பார்க்காமல் பஜ்ஜியை மட்டும் பார்த்துவிட்டு வந்தவன் நான். என் வாழ்க்கையில் அவ்வளவு வீரமாக யாரும் என்னைப் பற்றிப் பேசியதில்லை.)

அடுத்தது பேண்ட். வேட்டியோடு பட்டையில் ஏற்ற முடியாது என்று சிஸ்டர் சொன்னதும் அந்தோணி என்னைப் பாத்ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போனார். வெளியே வந்தபோது என் இடுப்பில் அவருடைய காக்கி பேண்ட், அவர் இடுப்பில் என் பட்டுக்கரை வேட்டி. அவர் மேலே ஆட்டோ டிரைவர், கீழே மாப்பிள்ளை. அந்த பேண்ட்டுக்குள் என்னை மாதிரி இன்னொருவர் குடும்பம் நடத்தலாம். சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு, கட்டுப் போடும் துணி ஒரு சுருளை எடுத்து, என் இடுப்பைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். அடிபடாத இடத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ட்ரெட்மில் ஏறிய முதல் நோயாளி நானாகத்தான் இருக்கும்.

பிறகு சட்டையைக் கழற்றி, மார்பில் அங்கங்கே ரேசரால் மழித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வட்ட வட்டமாக ஒட்டி, ஒவ்வொன்றிலும் 'லீடு' என்று ஓர் ஒயரை மாட்டினார். கை வேகமாகவும் இருந்தது, இதமாகவும் இருந்தது. என்னை ஒருவர் தொட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. பஸ்ஸில் கண்டக்டர் தள்ளுவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ரொம்ப நாள்.

"நெஞ்சு வலிச்சா, தலை சுத்தினா, மூச்சு வாங்கினா உடனே சொல்லணும் சார். இங்க வந்து சூரத்தனம் காட்டக் கூடாது. கம்பியப் புடிச்ச கைய விடக் கூடாது. சரியா?" என்றவர், கைக்கு பி.பி. பட்டையைச் சுற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "வீட்டம்மா வரலியா?"

நான் வாயைத் திறந்தேன். கம்பியைப் பார்த்து மூடிக்கொண்டேன். அந்தோணி கதவோரம் நின்றிருந்தார், என் போனையும் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு.

"அக்கா வீட்டுல இருக்குது சிஸ்டர். பயந்துக்கும்னுதான் சொல்லாம கூட்டியாந்தோம். வரும்போது கோழி வாங்கியாறச் சொல்லியிருக்குது. மசாலாகூட அரைச்சு வெச்சிருக்கும் இந்நேரம்."

திரையில் ஓடிய இதயத்துடிப்பு எண் கிடுகிடுவென்று ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் டாக்டர் திரையையும் என்னையும் பார்த்தார். "என்ன சார், இன்னும் பெல்ட்டே ஓடல, கோழின்னதும் இப்படி எகிறுது?"

நான் சிரித்தேன். திருத்தியிருக்கலாம். ஒரே ஒரு வரி போதும். ஆனால் எனக்குக் காத்திருக்க ஓர் ஆள் இருக்கிறாள், மசாலா அரைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அந்த அறையில் மூன்று பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதைக் கலைக்க எனக்குக் கை வரவில்லை.

பெல்ட் ஓட ஆரம்பித்தது. முதலில் மாலை நடை மாதிரி. அப்புறம் கொஞ்சம் வேகம், கொஞ்சம் மேடு. கடலூர்க்காரனுக்கு மேடு ஏது? நான் அதுவரை ஏறிய உயரமான மலை எங்கள் ஊர் ரயில்வே மேம்பாலம்தான். ஆனாலும் நடந்தேன். பூட்டாத வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நடந்தேன். சிஸ்டர் பி.பி. பார்த்துவிட்டு "பரவால்லியே" என்றார். அந்தோணி கதவோரத்திலிருந்து "விடாதீங்க மாமா! வீடு வந்துருச்சு!" என்று சத்தம் போட்டார்.

மூன்றாவது மேட்டில் என் இடுப்பு முடிச்சு அவிழ்ந்தது.

கையை விட்டால் உயிர் போகலாம், விடாவிட்டால் மானம் போகும். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்லி நிறுத்துவது? நெஞ்சு வலியா, மூச்சு வாங்குகிறதா, பேண்ட்டா? யோசிப்பதற்குள் காக்கி முழங்காலுக்கு வந்துவிட்டது. ஒரு கையை விட்டு அதைப் பிடித்தேன். கால் பின்னியது. முழங்கால் பெல்ட்டில் தேய, ஒயர்கள் பட்டுப் பட்டென்று பிடுங்கிக்கொள்ள, பெல்ட் என்னைப் பின்பக்கமாகக் கொண்டுபோய்த் தரையில் இறக்கியது. சிஸ்டர் பாய்ந்து நிறுத்துவதற்குள் இவ்வளவும் நடந்துவிட்டது.

ஒயர் கழன்றதால் திரையில் கோடு நேராக ஓடியது. அந்தோணி டி.வி.யில் எத்தனை ஆஸ்பத்திரி பார்த்திருப்பார்! நேர்க்கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கா தெரியாது? "ஐயோ மாமா!" என்று அலறிக்கொண்டு, என் போனில் 'வீடு' என்பதை அழுத்தி, எடுத்தது யார் என்றுகூடக் கேட்காமல் கதறினார்.

"அக்கா! மாமா போயிட்டாரு அக்கா! கோடு நேரா ஆயிடுச்சு!"

அழுத்திய வேகத்தில் ஸ்பீக்கரும் சேர்ந்து அழுந்தியிருந்தது. பெங்களூரிலிருந்து என் மகளின் குரல், நடுங்கியபடி, ஆனால் அறை முழுக்கக் கேட்கும்படி:

"மொதல்ல லீடு கழண்டிருக்கான்னு பாருங்க!"

அதே நேரத்தில் சிஸ்டரும், "யோவ், லீடு கழண்டிருக்குதுய்யா!" என்று கத்தினார். ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு நர்ஸுகள் ஒரே மூச்சில் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"நான் இருக்கேம்மா" என்றேன் தரையிலிருந்து.

"அப்பாவா? எங்கப்பா இருக்க? யாரு இது?"

"நான் உங்க தம்பி... இல்ல, உங்க அம்மாவோட தம்பி. தாய்மாமன்" என்றார் அந்தோணி. யாரிடம் பேசுகிறோம் என்பது புரியாவிட்டாலும் கடமை தவறவில்லை.

"எங்க அம்மாவுக்குத் தம்பியே கிடையாது" என்றாள் கயல். அப்புறம், மெதுவாக, "எங்க அம்மாவே இல்ல. மூணு வருஷம் ஆச்சு" என்றாள்.

பெல்ட் நின்றிருந்தது. மெஷின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. டாக்டர் திரையைப் பார்த்தார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். அந்தோணி எங்கே பார்ப்பது என்று தெரியாமல், தான் கட்டியிருந்த என் வேட்டியைப் பார்த்தார்.

முதலில் அசைந்தது சிஸ்டர்தான். என்னைத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்து, ஒயர்களை மறுபடி மாட்டி, பி.பி. பார்த்து, முழங்காலைத் துடைத்து, எந்தத் துணி என்னைக் கவிழ்த்ததோ அதே துணியால் கட்டுப் போட்டார். போனை எடுத்து என் மகளிடம் நம்பர் நம்பராக ஏதோ சொன்னார். அவளும் நம்பர் நம்பராகக் கேட்டாள். பயப்பட ஒன்றும் இல்லை, டெஸ்ட் பாதியில் நின்றதால் மறுபடி எடுக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

"சாப்ட்டியாப்பா?" என்றாள் கயல். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"டெஸ்ட்டுக்கு முன்னாடி சாப்பிடக் கூடாதுன்னாங்கம்மா."

"சரி. அந்த மாமாகிட்ட குடு." அப்படித்தான் சொன்னாள். "மாமா, அப்பாவ பஸ்ல அனுப்பாதீங்க. வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுங்க. நான் இப்பவே கிளம்புறேன்."

கிளம்பும்போது சிஸ்டர் வாசல் வரை வந்தார். "அடுத்த தடவை கூட ஆள் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க சார். நானே உங்க தங்கச்சின்னு கையெழுத்துப் போட்டுக்கிறேன். இந்தாள மட்டும் கூட்டிக்கிட்டு வராதீங்க."

சிதம்பரத்திலிருந்து கடலூர் வரைக்கும் ஆட்டோ. ஆலப்பாக்கம் வந்ததும் அந்தோணி ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அக்கா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாமா" என்றார். மாமா போடுவதை இனி நிறுத்தலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு கோழிக்கடை வாசலில் வண்டியை ஓரம் கட்டினார். கேட்டதற்கு, "சொன்ன பொய்ய அந்தரத்துல விட்டுட்டுப் போகக் கூடாது மாமா" என்றபடி இறங்கிப் போனார்.

எதிர்வீட்டு பாய் வாசலில்தான் இருந்தார். பட்டு வேட்டியில் கல்யாணத்துக்குப் போனவன் காக்கி பேண்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்காலில் கட்டோடு இறங்குகிறான். அவன் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஓர் ஆட்டோக்காரர் கோழியோடு இறங்குகிறார்.

"கல்யாணத்துல எதாச்சும் பிரச்சனையா சபாபதி?" என்றார் பாய்.

வீட்டுக்குள் அந்தோணி மாலை போட்ட போட்டோவின் முன்னால் நின்றார். கையிலிருந்த பையைச் சற்றுத் தூக்கிக் காட்டி, "கோழி வாங்கியாந்துட்டோம் அக்கா" என்றார். பிறகு அடுப்படி எங்கே என்று கேட்டார். நான் ஃபிரிட்ஜைத் திறக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அதன் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றேன். சாம்பார் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கயலோடு போய், என் அளவுக்கு வாங்கிய பேண்ட்டில், டெஸ்ட்டை முழுசாக முடித்தேன். சின்ன அடைப்பு ஒன்று. மாத்திரையும் தினசரி நடையும் போதும் என்று சொல்லிவிட்டார்கள். கயல் வேலையை விடவில்லை, நானும் செடி ஆகவில்லை. அந்தோணி சவாரி இல்லாத நாளில் எப்போதாவது வருவார். வந்தால் முதலில் போட்டோவுக்கு ஒரு சலாம். வேட்டியை மட்டும் இதுவரை திருப்பித் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் 'வீடு' என்று என் போன் அடிக்கும். எடுத்தால் கயல், ஹலோகூடச் சொல்லாமல், "அப்பா, அம்மா கோழி வாங்கியாறச் சொன்னாங்க. தோல் உரிச்சு" என்பாள். நானும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கடையில் இப்போது கூச்சமில்லாமல் அரைக் கிலோ கேட்கிறேன், வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்று.

கடைக்காரர் பழசை மறக்காதவர். வெட்டிக்கொண்டே ஒவ்வொரு வாரமும் அக்கறையாக விசாரிப்பார். "நாய் எப்படி சார் இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க" என்பேன். "தினமும் நடக்குது."